ஓனர் காலி செய்யச் சொல்கிறார், பில்டர் சாவி தரவில்லை: இடைப்பட்ட மாதங்களை எப்படிச் சமாளிப்பது?

கயல் (மடிப்பாக்கம்):

எல்லோருக்கும் வணக்கம். சென்னையை அடுத்த கேளம்பாக்கம் பக்கம் ஒரு அபார்ட்மென்டில் இரண்டு பெட்ரூம் வீடு வாங்கியிருக்கிறோம். ஒப்பந்தப்படி மார்ச்சிலேயே சாவி கொடுத்திருக்க வேண்டும். மார்ச் மே ஆனது. இப்போது ஜூன் என்கிறார்கள். நேரில் போய்ப் பார்த்தால் எங்கள் வீட்டுக்குள் டைல்ஸ், கதவு, பாத்ரூம் எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் லிஃப்ட் ஓடவில்லை, ஈபி மீட்டர் வரவில்லை, சிசி என்று சொல்கிற நிறைவுச் சான்றிதழும் வரவில்லை.

இப்போது இருப்பது மடிப்பாக்கத்தில் வாடகை வீடு. ஜூன் கடைசியில் காலி செய்வதாகச் சொல்லியிருந்தோம். ஓனர் அடுத்து வருகிறவர்களிடம் டோக்கன் அட்வான்ஸ் வாங்கிவிட்டார். மகளை நாவலூரில் பள்ளியில் சேர்த்தாயிற்று, பள்ளியும் திறந்தாயிற்று. ஆறேகாலுக்கு வேன் ஏறுகிறாள், சாயங்காலம் வந்ததும் யூனிஃபார்மோடு தூங்கிவிடுகிறாள். அதைப் பார்க்கும்போதுதான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பில்டர் சொல்வது இது: "வைகாசி முடியறதுக்குள்ள பால் காய்ச்சிட்டுக் குடி வந்துடுங்க. டெம்பரரி கரண்ட் தர்றேன். மத்ததெல்லாம் பின்னாடியே வந்துடும்." மாமியாருக்கும் அதுதான் விருப்பம். வைகாசியை விட்டால் ஆனியும் ஆடியும் ஆகாது, ஆவணி வரை காத்திருக்க வேண்டும் என்கிறார். கணவரோ சிசி இல்லாமல் ஒரு பாத்திரம்கூட அங்கே போகாது என்கிறார். வாடகை 19,000, இஎம்ஐ 41,000. இதே நிலையில் இருந்தவர்கள் என்ன செய்தீர்கள்?

தளத்து எஞ்சினியர்:

சகோதரி, பதினைந்து வருடத்துக்கு மேலாகக் கட்டுமானத் தளங்களில் வேலை பார்க்கிறேன். உங்கள் பில்டருக்காகப் பேசவில்லை, அங்கே என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

வாங்குகிறவர்கள் தங்கள் வீட்டுக்குள் நின்று பார்த்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். ஒரு அபார்ட்மென்ட்டைப் பொறுத்தவரை வீட்டுக்குள் இருக்கிற வேலை சுலபமான பகுதி. இழுப்பது பொது வேலைகளும் காகிதங்களும்தான். கட்டடம் முடிந்ததும் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்), யார் வரைபடத்துக்கு அனுமதி கொடுத்தார்களோ அவர்களிடம் சிசிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் வந்து சுற்றிலும் விட்ட இடம், உயரம், கார் நிறுத்தும் இடம், மழைநீர் சேகரிப்பு என்று வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எங்காவது வரைபடத்தை மீறிக் கட்டியிருந்தால் அங்கேயே நின்றுவிடும். கட்டடம் 18.30 மீட்டருக்கு மேல் போனால் தீயணைப்புத் துறையின் சான்றும் வேண்டும். லிஃப்டுக்குத் தனியாக உரிமம் வாங்க வேண்டும்.

2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளுக்குப் பிறகு, சிறிய வீடுகளுக்கு விலக்கு உண்டு, மற்ற கட்டடங்களுக்கு சிசி இல்லாமல் நிரந்தர மின் இணைப்போ குடிநீர், கழிவுநீர் இணைப்போ கிடையாது. அதனால் பில்டர் "ஈபியில்தான் லேட்" என்று சொன்னால், சிசிக்கு விண்ணப்பித்தாரா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். பெரிய குடியிருப்பு என்றால் வளாகத்துக்குள்ளேயே டிரான்ஸ்ஃபார்மர் வைக்க இடம் ஒதுக்கிப் பணம் கட்ட வேண்டும். கையில் பணம் சுருங்கியிருக்கிற பில்டர் கடைசி வரை தள்ளிப்போடுவது இதைத்தான்.

"எப்போ முடியும்?" என்று கேட்டால் ஒரு தேதி சொல்லி அனுப்பிவிடுவார்கள். சிசி விண்ணப்பத்தின் நகலைக் காட்டுங்கள், ஈபிக்குப் பணம் கட்டிய ரசீதைக் காட்டுங்கள், லிஃப்ட் ஆய்வு நடந்ததா என்று கேளுங்கள். மூன்றும் இருந்தால் இரண்டு மூன்று மாதத்தில் முடிய வாய்ப்பு இருக்கிறது. ஒன்றுமே இல்லை என்றால் ஜூன் என்று அவர் சொன்னதை மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

பெருங்களத்தூர் வாசி:

நாங்கள் சிசி இல்லாமல் குடி போனவர்கள். என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

முதல் மாதம் நிம்மதியாகத்தான் இருந்தது. வாடகை மிச்சம், சொந்த வீடு, பிள்ளைகளுக்குச் சந்தோஷம். அப்புறம் தெரிந்தது. டெம்பரரி இணைப்பு என்பது கட்டுமான வேலைக்காகக் கொடுக்கிற இணைப்பு. அதற்குக் கட்டணமே வேறு. வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதெல்லாம் அதில் கிடையாது. ஒரே மீட்டரில் வருகிற மொத்தத் தொகையை பில்டர் எல்லா வீட்டுக்கும் பிரித்துக் கொடுத்தார். எங்கள் வீட்டில் ஏசியே இல்லை. ஆனால் இரண்டு ஏசி ஓடுகிற வீட்டுக்கு வந்த அதே தொகைதான் எங்களுக்கும் வந்தது. மேல் மாடியில் யாராவது இண்டக்‌ஷன் அடுப்பு போட்டால் எங்கள் வீட்டு விளக்கு மங்கும். தண்ணீர் லாரியில்தான் வந்தது. லிஃப்ட் இல்லாமல் நான்காவது மாடிக்கு அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப் போனோம்.

இதைவிடப் பெரிய விஷயம், நாங்கள் குடியேறியதும் பில்டருக்கு இருந்த அவசரம் போய்விட்டது. அதுவரை வாரம் ஒருமுறை போன் எடுத்தவர் பிறகு எடுப்பதையே நிறுத்திவிட்டார். கடைசித் தவணையையும் கட்டியாகிவிட்டது, ஆட்களும் உள்ளே வந்தாகிவிட்டது. அவர் ஏன் ஓடப் போகிறார்?

கயல், உங்கள் கணவர் சொல்வதுதான் சரி.

சோழிங்கநல்லூர் ரகு:

மன்னிக்கவும், நான் இதில் மாறுபடுகிறேன். வாடகையும் இஎம்ஐயும் சேர்ந்து மாதம் 60,000. எல்லோராலும் ஆறு மாதம் தாங்க முடியாது. எங்கள் குடியிருப்பில் பாதிப் பேர் சிசிக்கு முன்பே வந்தோம், சில மாதங்களில் எல்லாம் சரியானது. தனி சப்-மீட்டர் போடச் சொல்லி, யூனிட்டுக்கு இவ்வளவு என்று எழுதி வாங்கினோம். கஷ்டம் இருந்தது, ஆனால் கடன் வாங்கி வாடகை கொடுக்கிற நிலை வரவில்லை. சட்டப்படி சரியா என்று கேட்டால் சரியில்லைதான். ஆனால் மாதச் சம்பளத்தில் ஓடுகிற வீட்டுக்கு அந்த 19,000 சின்னத் தொகை இல்லை. அதைச் சொல்லாமல் "போகாதீர்கள்" என்று மட்டும் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

சட்டம் படித்தவள்:

ரகு சார் சொல்கிற பணக் கஷ்டம் உண்மை. அதற்கு மாற்றாக என்ன கிடைக்கும் என்பதையும் பார்த்துவிடுங்கள்.

2016ஆம் ஆண்டு ரெரா சட்டத்தின் (மனை, வீடு விற்பனையை ஒழுங்குபடுத்தும் சட்டம்) 18ஆம் பிரிவில், ஒப்பந்தத்தில் சொன்ன தேதியில் வீட்டை ஒப்படைக்காவிட்டால் வாங்கியவருக்கு இரண்டு வழி இருக்கிறது. விலகிக்கொண்டு பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். விலக விருப்பமில்லை என்றால், ஒப்படைக்கும் வரை தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்கலாம். தமிழ்நாட்டு விதிப்படி அந்த வட்டி, பாரத ஸ்டேட் வங்கியின் அதிகபட்ச எம்சிஎல்ஆர் (கடன்களுக்கான அடிப்படை வட்டி) விகிதத்தோடு 2 சதவீதம் சேர்த்தது. கயல், நீங்கள் இதுவரை 60 லட்சம் கட்டியிருக்கிறீர்கள், வட்டி 11 சதவீதம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மாதம் 55,000 வருகிறது. உங்கள் வாடகையைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். நாளைக்கே கைக்கு வராது, தமிழ்நாடு ரெரா ஆணையத்தில் புகார் கொடுத்து உத்தரவு வாங்க வேண்டும். ஆனால் பில்டரோடு உட்கார்ந்து பேசும்போது இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி முன்னால் வையுங்கள், பேச்சின் தொனி மாறும்.

சில பில்டர்கள் "ரெராவில் பதிவு செய்த தேதி அடுத்த வருடம்தானே, இன்னும் தாமதமே ஆகவில்லை" என்பார்கள். அது செல்லாது. உங்களோடு போட்ட ஒப்பந்தத்தின் தேதியிலிருந்துதான் கணக்கு என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லிவிட்டது. ஒப்பந்தத்தில் கூடுதல் அவகாசம் என்று சில மாதங்கள் போட்டிருப்பார்கள், அதை மட்டும் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சாவி கொடுக்கும் நாளில் ஒரு கடிதத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். "வீட்டைத் திருப்தியாகப் பெற்றுக்கொண்டேன், தாமதம் குறித்து எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அதில் ஒரு வரி இருக்கும். அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மறுத்தால் மின்னஞ்சலில் உங்கள் ஆட்சேபத்தை அன்றைக்கே பதிவு செய்யுங்கள். தாமத இழப்பீட்டை விட்டுக்கொடுத்தால்தான் பத்திரம் பதிவோம் என்று வாங்கியவர்களை நெருக்குவதை, பெங்களூரு அடுக்குமாடி வழக்கு ஒன்றில் 2020இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

பால் காய்ச்சுவதைப் பற்றி: அதையும் குடி போவதையும் பிரித்துவிடுங்கள். வைகாசியில் ஒரு நாள் பூஜைக்கு மட்டும் வீட்டைத் திறந்துவிடச் சொல்லுங்கள். "இன்ன தேதியில் பூஜைக்காக மட்டும் அனுமதிக்கப்படுகிறது, இது ஒப்படைப்பு ஆகாது" என்று பில்டரின் லெட்டர்ஹெட்டில் இரண்டு வரி வாங்கிக்கொள்ளுங்கள். பூஜை முடிந்ததும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். மாமியாருக்கும் மனக்குறை இருக்காது, உங்கள் உரிமையும் போகாது.

கயல் (மடிப்பாக்கம்):

இப்படிப் பிரிக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை! மிகவும் நன்றி அக்கா. ரெரா வட்டியைப் பற்றி வாங்கியவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறேன். எல்லோருக்கும் ஒரே பிரச்சினைதான். தனித்தனியாகப் போய்ச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம், இனி சேர்ந்து ஒரே கடிதமாக அனுப்பப் போகிறோம்.

தாத்தா வீட்டுக்காரர் (நங்கநல்லூர்):

நான் வாடகைக்கு விடுகிற பக்கம். கயல் அம்மா, உங்கள் ஓனரிடம் இன்றைக்கே பேசுங்கள். கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டாம். எங்களுக்குப் பிடிக்காத விஷயம், முப்பதாம் தேதி வந்து "இன்னும் ஒரு மாதம்" என்று நிற்பதுதான். முன்கூட்டியே சொன்னால் எங்களுக்கும் வழி இருக்கும். புதிதாக வருகிறவர் எப்போது வர வேண்டியவர் என்று கேளுங்கள். அவரும் ஆடியில் வீடு மாற விரும்பாதவராக இருக்கலாம். அப்படியானால் ஆவணி வரை உங்களுக்கே இடம் இருக்கிறது. கொஞ்சம் வாடகை கூட்டித் தருவதாகச் சொல்லுங்கள். அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லாதீர்கள், அது எங்களுக்கு நம்பிக்கை தராது. சரி என்றால் மாதத்துக்கு மாதம் நீட்டிப்பதாக ஒரு பக்கம் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

கணக்கர்:

வருமான வரி விஷயம் சுருக்கமாக. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் இது. வீடு கட்டி முடிக்கும் முன் வீட்டுக் கடனுக்கு நீங்கள் கட்டுகிற வட்டிக்கு இப்போது சலுகை கிடையாது, அது வீணாகவும் போகாது. வீடு முடிந்த ஆண்டிலிருந்து ஐந்து சம தவணைகளாக, 2 லட்சம் என்கிற ஆண்டு வரம்புக்குள் கழிக்கலாம். கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டி முடிந்திருக்க வேண்டும். தாண்டினால் வரம்பு 30,000 ஆகச் சுருங்கிவிடும். ஆகவே சிசியின் தேதி வரிக்கும் முக்கியம். வாடகை ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருங்கள், புகார் கொடுக்கும்போதும் அவை உதவும்.

மீனா (வேளச்சேரி):

சட்டமும் கணக்கும் பேசியாயிற்று. வீட்டுக்குள் நடப்பதைப் பற்றி நான் சொல்கிறேன். எங்களுக்கு ஒரு வருடத்துக்கும் மேல் தள்ளிப்போனது.

என்னை அரித்தது "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்ற ஒரு வார்த்தை. கிழிந்த திரையை மாற்றவில்லை, அங்கே போய் வாங்கிக்கலாம். பையனை நீச்சலில் சேர்க்கவில்லை, அங்கே போய்ச் சேர்த்துக்கலாம். விருந்தாளியைக் கூப்பிடவில்லை. பாதிப் பாத்திரம் அட்டைப்பெட்டிக்குள். ஒரு நாள் பையன் "அம்மா, என் பொறந்தநாளும் அங்க போய்தானா?" என்று கேட்டான். அன்றைக்கே எல்லாப் பெட்டியையும் பிரித்து, இட்லிக் கொப்பரையிலிருந்து எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்தேன். புது வீடு வரும்போது வரட்டும் என்று அந்த வீட்டில் முழுசாக வாழ ஆரம்பித்தோம். அதற்குப் பிறகு எனக்கும் கணவருக்கும் நடுவில் இருந்த கடுகடுப்பு குறைந்தது.

சொந்தக்காரர்கள் பார்க்கும்போதெல்லாம் "எப்போ பால் காய்ச்சப் போறீங்க?" என்பார்கள். அக்கறையில்தான் கேட்கிறார்கள். "இன்னும் சான்றிதழ் வரலை சித்தி, வந்ததும் முதல் போன் உங்களுக்குத்தான்" என்று ஒரே பதிலைப் பழகிக்கொண்டேன். தேதி மட்டும் சொல்லவே மாட்டேன். தேதி சொன்னால் அது தவறும்போது மறுபடி விளக்க வேண்டியிருக்கும்.

புது வீட்டுக்கு என்று ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எதையும் தள்ளுபடியைப் பார்த்து முன்னாலேயே வாங்காதீர்கள். பெரும்பாலும் வாரண்டி பில் போட்ட நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். மர அலமாரி வேலையையும் ஒப்படைப்புக்குப் பிறகே ஆரம்பியுங்கள். ஈரம் காயாத சுவரோடு பலகை ஒட்டியிருந்தால் ஐப்பசி மழைக்குப் பூஞ்சை பிடித்துவிடும்.

மகளின் தூக்கம்தான் எனக்கு முதல் கவலையாகப் படுகிறது கயல். பள்ளிப் பக்கமே ஒரு சின்ன வீடு ஆறு மாதத்துக்குக் கிடைக்குமா என்று பாருங்கள். இரண்டு முறை சாமான் ஏற்றி இறக்கும் செலவு ஆகும்தான். ஆனால் குழந்தை காலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்குவாள்.

சோழிங்கநல்லூர் ரகு:

மீனா அக்கா சொன்ன சின்ன வீடு யோசனை நல்லது. சட்டம் படித்த சகோதரி போட்ட வட்டிக் கணக்கு எனக்கு அன்றைக்குத் தெரிந்திருந்தால் நாங்களும் வேறு மாதிரி முடிவெடுத்திருப்போம். நாவலூர், தாழம்பூர் பக்கம் தரகர் ஒரு மாத வாடகை கேட்பார். நேரடியாக அந்தந்தக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் விசாரித்தால் அது மிச்சம். பெரிய சாமான்களை பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் கிடங்கில் மாத வாடகைக்குப் போடலாம். போடும் முன் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, பட்டியலில் அவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மெத்தையையும் புத்தகங்களையும் மட்டும் கிடங்குக்கு அனுப்பாதீர்கள்.

கயல் (மடிப்பாக்கம்):

எல்லோருக்கும் தகவல் சொல்ல வந்தேன். ஓனரிடம் பேசினோம். வருகிறவர்கள் கல்யாணமாகிப் புதிதாகக் குடித்தனம் வைக்கிறவர்கள், தேதியை மாற்ற முடியாது என்றார். நியாயம்தான். நாவலூரில் பள்ளிக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு பெட்ரூம் வீடு 14,000க்குக் கிடைத்திருக்கிறது, இரண்டு மாத அட்வான்ஸ்தான். கட்டில், சோபா, பீரோ கிடங்குக்குப் போகின்றன.

வைகாசியின் கடைசி புதன்கிழமை பால் காய்ச்சிவிட்டோம். நான்கு மாடி ஏற முடியாமல் ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து மாமியார் மேலே வந்து சேர்ந்தார். லெட்டர்ஹெட் கடிதம் கேட்டபோது பில்டர் முகம் சுளித்தார், ஆனால் கொடுத்தார்.

வாங்கியவர்கள் சேர்ந்து அனுப்பிய கடிதத்துக்குப் பதிலும் வந்திருக்கிறது. எஞ்சினியர் சார் சொன்ன மூன்று காகிதங்களில் ஒன்றுதான் இருக்கிறது. லிஃப்ட் ஆய்வு முடிந்திருக்கிறது. சிசிக்கு விண்ணப்பித்ததே போன வாரம்தான், ஈபிக்குப் பணமே கட்டவில்லை. ஆக, அந்த ஜூன் என்பது வெறும் வாய்ச்சொல். கோபம் வந்தது. ஆனால் உண்மை தெரிந்துவிட்டதால் ராத்திரி தூக்கமும் வருகிறது. கடைசித் தவணையை சிசி கையில் வந்த பிறகே கட்டுவதாக எல்லோரும் முடிவெடுத்து எழுதிக் கொடுத்துவிட்டோம். வங்கியிலும் சொல்லி, அந்தத் தொகையை விடுவிக்க வேண்டாம் என்று கடிதம் கொடுத்தாயிற்று.

சட்டம் படித்தவள்:

நல்லது கயல். கடைசித் தவணை விஷயத்தில் ஒன்று மட்டும். ஒப்பந்தத்தில் அந்தத் தவணை எந்தக் கட்டத்தில் கட்ட வேண்டியது என்று எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள். "ஒப்படைக்கும்போது" என்று இருந்தால் நீங்கள் செய்தது சரி. "டைல்ஸ் முடிந்ததும்" என்பது போல் இருந்தால் உங்கள் மீது தாமத வட்டி போட வழி இருக்கிறது, அப்போது ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். சிசி வந்த பிறகு வாங்கியவர் இரண்டு மாதத்துக்குள் வீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. நாவலூர் வீட்டு ஒப்பந்தத்தில் ஒரு மாத நோட்டீஸில் காலி செய்ய வழி வைத்துக்கொள்ளுங்கள்.

திருச்சி செல்வம்:

இடையில் நுழைகிறேன். எங்களுடையது தனி வீடு, மேஸ்திரியிடம் விட்டுக் கட்டுகிறோம். ரெரா எல்லாம் எங்களுக்கு வருமா? பூச்சு முடிந்ததும் ஆட்களை வேறு வேலைக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். பணம் வேலைக்கு மேலேயே கொடுத்தாயிற்று.

சட்டம் படித்தவள்:

உங்கள் மனையில் உங்களுக்காகக் கட்டும் தனி வீட்டுக்கு ரெரா வராது. எட்டு வீடுகளுக்குள் அல்லது 500 சதுர மீட்டர் நிலத்துக்குள் கட்டி விற்கும் சின்ன திட்டங்களுக்கும் பதிவு கட்டாயம் இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையம். ஒப்பந்தம் எழுதாவிட்டாலும் வங்கிப் பரிமாற்றம், வாட்ஸ்அப் செய்தி எல்லாம் ஆதாரம்தான்.

தளத்து எஞ்சினியர்:

செல்வம், புகாருக்கு முன் ஒன்று செய்து பாருங்கள். வேறொரு எஞ்சினியரைக் கூப்பிட்டு இதுவரை நடந்த வேலையை அளந்து மதிப்புப் போடச் சொல்லுங்கள். அதிகமாகப் போன பணம் எவ்வளவு என்று தெரியும். அந்தத் தாளோடு மேஸ்திரியைக் கூப்பிட்டுப் பேசுங்கள். திரும்பி வந்தால் இனி வாரக் கூலியாக மட்டும் கொடுங்கள், பொருளை நீங்களே வாங்கிப் போடுங்கள். பூச்சு முடிந்த வீடு என்றால் கதவு, ஜன்னல் சட்டங்களை பிளாஸ்டிக் தாளால் மூடி, மொட்டை மாடித் தண்ணீர் வடிகிற குழாயை மட்டும் ஐப்பசிக்கு முன் எப்படியாவது போட்டுவிடுங்கள். மற்ற வேலைகள் தை வரைகூடக் காத்திருக்கலாம்.